சிங்கப்பூரில் வேலை கிடைத்தாயிற்று. குடும்பத்தையும் அழைத்துப் போக முடியுமா?

பட்டர்வொர்த் – பிறை, மாக் மண்டின், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வருவது புதிதல்ல. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டைத் தாண்டி நிற்கும்போது, கடிதத்தில் உள்ள சம்பளத்தை மூன்றால் பெருக்கிப் பார்த்ததுமே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. மனைவி, பிள்ளைகள் எப்போது வருவது என்ற மீதிப் பாதி, “முதலில் போய்ச் சேருவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிவைக்கப்படுகிறது.

தள்ளிவைக்கக் கூடாத பாதி அதுதான். குடும்பம் உடன் வரலாமா, வரக்கூடாதா என்பது அங்கே போன பிறகு தெரியவரும் விஷயமல்ல. கையில் இருக்கும் கடிதத்தைச் சரியாகப் படித்தால், இங்கே வேலையை விடுவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

சம்பளத்துக்கு முன் பாஸின் பெயர்

சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வகை அனுமதிகளில் ஒன்று கிடைக்கும். தொழிற்சாலை, கட்டுமானம், துப்புரவு, உணவகம் போன்ற வேலைகளுக்கு ஒர்க் பெர்மிட். தொழில்நுட்பர், மேற்பார்வையாளர் போன்ற நடுத்தர நிலையினருக்கு எஸ் பாஸ். பொறியாளர், நிர்வாகி, நிபுணர்களுக்கு எம்பிளாய்மென்ட் பாஸ். அதைத்தான் மக்கள் சுருக்கமாக இ.பி. என்கிறார்கள்.

இ.பி. பெறுவதற்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 சிங்கப்பூர் வெள்ளி. நிதித்துறையில் இது 6,200 வெள்ளி. இந்தத் தொகை இளைஞர்களுக்கு மட்டுமே. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45 வயதை எட்டியவருக்கு நிதித்துறை அல்லாத பிரிவுகளில் 10,700 வெள்ளியைத் தொடுகிறது. இதோடு 2023 செப்டம்பரில் தொடங்கிய புள்ளி முறையின்கீழ் 40 புள்ளிகளும் பெற வேண்டும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சம் 3,300 வெள்ளி. இதுவும் வயதுக்கேற்ப உயர்ந்து 4,800 வரை போகும்.

ஆகவே 25 வயதில் ஒருவருக்கு இ.பி. வாங்கித் தரும் சம்பளம், இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையான 42 வயதுக்காரருக்கு அதே பாஸை வாங்கித் தராது. மருமகனுக்குக் கிடைத்தது மாமனுக்குக் கிடைக்கவில்லை என்று வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை, கணக்கு அப்படி.

6,000 வெள்ளிக் கோடு

மனைவியையும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளையும் உடன் தங்கவைக்க வேண்டுமானால் அவர்களுக்கு டிபெண்டன்ட் பாஸ், அதாவது டி.பி., வேண்டும். இ.பி. அல்லது எஸ் பாஸ் வைத்திருப்பவர் மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி நிலையான சம்பளம் பெற்றால்தான் டி.பி.க்கு விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பிப்பதும் தொழிலாளி அல்ல, அவருடைய முதலாளியோ முதலாளி அமர்த்திய முகவரோதான். ஒர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு இந்த வசதி அறவே இல்லை.

இங்கே ‘நிலையான’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் ஒவ்வொரு மாதமும் மாறாமல் வரும் படியும்தான் கணக்கில் வரும். ஓவர்டைம், போனஸ் எதுவும் சேராது. “ஓ.டி.யோடு சேர்த்து ஆறாயிரம் பார்க்கலாம்” என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்ட வேலை, குடும்பத்தை அழைத்துப் போகும் வேலை அல்ல.

வயதான தாய் தந்தையரை நீண்டகாலம் உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் கோடு இன்னும் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மாதம் 12,000 வெள்ளி நிலையான சம்பளம் தேவை.

மலேசியப் புள்ளிவிவரத் துறை 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த வரம்பின் பொருளை விளக்கிவிடுகிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 1,500 வெள்ளிக்கும் 3,599 வெள்ளிக்கும் இடைப்பட்ட சம்பளம் பெறுகிறார்கள் என்றது அந்த ஆய்வு. அதாவது போகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை அழைத்துப் போகும் தகுதிக் கோட்டுக்குக் கீழேயே இருக்கிறார்கள். தனியாகப் போய், மாதம் ஒருமுறையோ தீபாவளிக்கோ பட்டர்வொர்த் திரும்பும் தந்தைகள் இத்தனை பேர் இருப்பது அவர்கள் விரும்பித் தேர்ந்ததால் மட்டுமல்ல. விதியும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஒரு காலத்தில் இரண்டு ஊர்களும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் இணைத்து ஆங்கிலேயர் நீரிணைக் குடியேற்றங்களை அமைத்தார்கள். அவற்றின் ஆளுநராக 1843 முதல் 1855 வரை இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரைத்தான் இந்த நகரம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் தனி நாடானது. தாத்தா காலத்து உறவினர் எளிதாகப் போய்க் குடியேறிய ஊர்தானே என்ற நினைப்பு இன்றைய விண்ணப்பத்துக்கு உதவாது.

கோயில் தாலி மட்டும் போதாது

சம்பளம் தகுதி பெற்றாலும் பல குடும்பங்கள் தடுக்கி நிற்பது ஆவணங்களில்தான். டி.பி.க்குச் சட்டப்படியான திருமணச் சான்றிதழ் வேண்டும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் பெயர்களோடு பிறப்புப் பத்திரம் வேண்டும்.

முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற மலேசியச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு கோயிலில் ஊரறியத் தாலி கட்டியிருந்தாலும், பதிவு செய்யாவிட்டால் சட்டத்தின் முன் அது திருமணம் ஆகாது. தோட்டங்களிலும் நகர்ப்புற அடுக்குமாடிகளிலும் “பிறகு பதிந்துகொள்ளலாம்” என்று விட்டுவிட்ட தம்பதியர் இன்னும் உண்டு. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் இல்லாமல் போவதும் இதனால்தான்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. தேசியப் பதிவுத் துறையில் இப்போதும் திருமணத்தைப் பதிவு செய்யலாம். பெற்றோர் பின்னர் சட்டப்படி மணம் புரிந்துகொண்டால், அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கும் சட்டபூர்வ நிலை கிடைக்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் இவை ஒரே நாளில் முடியும் வேலைகள் அல்ல. வேலைக் கடிதம் வந்த பிறகு ஓடுவதைவிட, அழைப்பு வரலாம் என்று தெரிந்ததுமே தொடங்கிவிடுவது நல்லது.

மேலும் இரண்டு தாள்களைக் கையோடு தயார் செய்துகொள்ளலாம். மலாய் மொழியிலுள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். 12 வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளைப் போட்டதற்கான ஆதாரம் காட்ட வேண்டும். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த தடுப்பூசிப் புத்தகம் எங்கே என்று அலமாரியில் இப்போதே தேடிவைப்பது புத்திசாலித்தனம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அங்கே இடம் எப்படி?

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அரசுப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது. இதைக் கேட்டதும், நம் பிள்ளைக்குச் சிரமம் இராது என்று பெற்றோர் நினைத்துவிடுவதுண்டு. சிரமம் தமிழில் இல்லை, பள்ளி வாசலில் இருக்கிறது.

முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதிந்து முடித்த பிறகு மீதமுள்ள இடங்களே கிடைக்கும். தொடக்கப்பள்ளி இரண்டு முதல் ஐந்து வரையிலும், உயர்நிலை ஒன்று முதல் மூன்று வரையிலும் சேர விரும்பும் பிள்ளைகள் ‘ஏ.இ.ஐ.எஸ்.’ எனும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வழக்கமாக ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும் அந்தத் தேர்வில் தேறினால் அடுத்த ஜனவரியில் வகுப்பு. தேறினாலும் இடம் உறுதியில்லை. வீட்டுக்கு அருகில் பள்ளி கிடைக்கும் என்பதும் இல்லை.

தேர்வு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நடக்கிறது. கணிதக் கேள்விகளும் ஆங்கிலத்தில்தான். இருமொழிப் பாடத்திட்டம் இல்லாத தமிழ்ப்பள்ளியில் கணிதத்தைத் தமிழில் படித்த பிள்ளைக்குப் பின்னமும் விழுக்காடும் தெரியாமல் இருக்காது. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள்தான் தெரியாமல் இருக்கும். ஆறு மாதம் முன்னதாகவே ஆங்கிலத்தில் கணக்குப் பயிற்சி கொடுத்தால் இந்த இடைவெளியைக் குறைக்கலாம்.

படிவம் 4, 5இல் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். எஸ்.பி.எம். எழுதாமல் வெளியேறும் பிள்ளை பிறகு திரும்பி வந்து அரசாங்க வேலைக்கு முயன்றால், எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் எங்கே என்ற கேள்வி எழும். மூத்த பிள்ளை எஸ்.பி.எம். முடிக்கும் வரை குடும்பம் இங்கேயே இருந்து, பிறகு போவது பலருக்குப் பொருத்தமாக இருக்கும்.

ஆறாயிரத்தில் குடும்பம் நடத்தலாமா?

தகுதிக் கோடு வேறு, வாழ்க்கைச் செலவு வேறு. சரியாக 6,000 வெள்ளி சம்பளத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

வீட்டு வாடகையே முதல் செலவு. வீவக அடுக்குமாடி வீடுகளை வெளிநாட்டினருக்கு வாடகைக்கு விடுவதில் வட்டாரவாரியாக உச்சவரம்பு இருந்தாலும், மலேசியர்களுக்கு அது பொருந்தாது. இது ஒரு சலுகை. ஆனால் வாடகையில் சலுகை இல்லை. பல வட்டாரங்களில் நான்கறை வீவக வீடு ஒன்றின் மாத வாடகை 3,000 வெள்ளியை எட்டிவிட்டது. சிங்கப்பூரில் நான்கறை என்றால் மூன்று படுக்கையறைகளும் ஒரு வரவேற்பறையும். சம்பளத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

மீதி 3,000 வெள்ளியில் சாப்பாடு, மின்சாரம், போக்குவரத்து, பள்ளிக் கட்டணம், பட்டர்வொர்த்திலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அடங்க வேண்டும். அரசுப் பள்ளியிலும் வெளிநாட்டுப் பிள்ளைக்கான மாதக் கட்டணம் குடிமக்கள் செலுத்துவதைவிடப் பல மடங்கு அதிகம். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குள்ள கட்டணக் கழிவும் இவர்களுக்கு இல்லை. எஸ் பாஸ் தொழிலாளிக்கு முதலாளி குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். மனைவி பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மனைவியும் வேலைக்குப் போனால் சமாளிக்கலாம் என்ற கணக்கிலும் ஒரு முடிச்சு உண்டு. 2021 மே மாதத்திலிருந்து டி.பி.யில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமானால், பொதுவாக அவருக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். இங்கே ஆசிரியையாகவோ தாதியாகவோ வேலை பார்க்கும் மனைவி, அதை விட்டுவிட்டுப் போனால் குடும்பத்தின் இரண்டு சம்பளம் ஒன்றாகும். அந்த இழப்பையும் கழித்த பிறகுதான் சிங்கப்பூர்ச் சம்பளம் உண்மையில் எவ்வளவு கூடுதல் என்று தெரியும்.

டி.பி. என்பது தொழிலாளியின் பாஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் கொடி. வேலை போனால் அவருடைய பாஸ் ரத்தாகும். அதோடு குடும்பத்தின் பாஸும் ரத்தாகும். பொதுவாக அதன்பின் தங்குவதற்குக் கிடைப்பது 30 நாள் அவகாசமே. பள்ளி ஆண்டின் நடுவில் அப்படி நேர்ந்தால் பிள்ளைகளின் நிலை என்ன என்பதையும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நின்றுபோகும் பாதுகாப்புகள்

மலேசியாவில் சம்பளத்தோடு ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் முதலாளியின் பங்கு சேர்கிறது. கண்ணில் படாத அந்தப் பணம் வேலையை விட்ட மாதமே நின்றுவிடும். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. பாஸில் வேலை செய்யும் மலேசியருக்கு முதலாளி அதில் பணம் போடுவதில்லை. பத்து ஆண்டு அங்கே உழைத்தும், முதுமைக்கென்று ஒரு காசும் தானாகச் சேராமல் போகலாம்.

அதனால் மலேசிய ஊழியர் சேமநிதியில் சொந்தமாகப் பணம் கட்டும் வழியைப் பயன்படுத்துவது நல்லது. ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை சுயமாகச் செலுத்தலாம். வெளிநாட்டுக்குப் போவதால் சேமநிதியை முழுவதும் எடுத்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். நாட்டை விட்டு வெளியேறுவோருக்கான அந்த மீட்பு, மலேசியக் குடியுரிமையைத் துறந்தவர்களுக்கு உரியது.

சொக்சோவின் செயலிழப்பு ஓய்வூதியத்துக்கு, முந்தைய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா செலுத்தியிருப்பது முழுத் தகுதிக்கான நிபந்தனைகளில் ஒன்று. சந்தா நின்று ஈராண்டு ஆகும்போது இந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். நோயோ விபத்தோ வந்த பின் தெரிந்துகொள்ளும் விஷயமாக இது இருக்கக் கூடாது. தனிக் காப்புறுதி எடுப்பதைப் பற்றி முன்பே யோசிக்க வேண்டும்.

வரி விவகாரமும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாடு செல்லும் ஊழியரைப் பற்றி, அவர் புறப்படுவதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக இங்குள்ள முதலாளி உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். வரிக் கணக்கு முடியும் வரை கடைசிச் சம்பளம் நிறுத்திவைக்கப்படலாம். சிங்கப்பூரில் வேலையை விடும்போதும் இதேபோன்ற நடைமுறை இருக்கிறது. ஆகவே வீட்டு முன்பணத்துக்கும் பயணத்துக்கும் அந்தக் கடைசிச் சம்பளத்தை நம்பியிருக்க வேண்டாம்.

நடுவழி: ஜொகூர் பாரு

6,000 வெள்ளியைத் தொடாதவர்களுக்குக் குடும்பத்தோடு வாழும் வழி அடைந்துவிட்டதா என்றால், இல்லை. குடும்பத்தை ஜொகூர் பாருவில் குடியமர்த்தி, தான் மட்டும் தினமும் பாலம் தாண்டும் முறையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எந்தப் பாஸும் தேவையில்லை. பிள்ளைகள் அங்குள்ள தமிழ்ப்பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம், எஸ்.பி.எம். பாதை தடைப்படாது. மனைவி மலேசியாவிலேயே வேலை செய்யலாம். அவருடைய சேமநிதியும் தொடரும்.

இதற்கான விலை நேரமும் உடம்பும். விடியற்காலையில் கிளம்பி, இரவு திரும்பும் வாழ்க்கை அது. உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்தையும் புக்கிட் சாகாரையும் இணைக்கும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். ரயில் பாதை, 2026 இறுதியை இலக்காகக் கொண்டு கட்டப்பட்டது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் திறனும் ஐந்து நிமிடப் பயணமும் அதன் திட்டம். ஆயினும் பட்டர்வொர்த்தில் இருக்கும் பெற்றோருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே தீபகற்பத்தின் முழு நீளம் கிடக்கிறது என்பதை மறக்க முடியாது. பெற்றோரில் ஒருவர் படுக்கையில் இருந்தால் இந்தத் திட்டம் வேறு மாதிரி போட வேண்டியிருக்கும்.

அங்கே பிள்ளை பிறந்தால்

சிங்கப்பூரில் பிறந்தாலும், மலேசியப் பெற்றோரின் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிடாது. ஓராண்டுக்குள் சிங்கப்பூரிலுள்ள மலேசியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். இங்கும் பெற்றோரின் பதிவுத் திருமணமே அடிப்படை. குறிப்பாக, தந்தை மட்டும் மலேசியராகவும் தாய் வெளிநாட்டவராகவும் இருந்து, திருமணம் பதிவாகாமல் இருந்தால் பிள்ளையின் குடியுரிமை சிக்கலில் மாட்டிக்கொள்ளும். மலேசியத் தாய்மாருக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளின் உரிமையை விரிவாக்கும் அரசமைப்புத் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது.

சில ஆண்டுக்குப் பிறகு நிரந்தரவாசத் தகுதிக்கு, அதாவது பி.ஆர்.க்கு, விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஆண் பிள்ளைகளை மனத்தில் வைக்க வேண்டும். பெற்றோர் வழியாகப் பி.ஆர். பெறும் மகன், வயது வந்ததும் ஈராண்டு தேசிய சேவை ஆற்றும் கடமைக்கு உட்படுவான்.

வேலையை விடுவதற்கு முன்

கடிதம் உண்மையானதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். 2022 முதல் கம்போடியா, மியன்மார் மோசடிக் கூடங்களில் சிக்கி மீட்கப்பட்ட மலேசியர்கள் பலரும் நல்ல சம்பள வாக்குறுதியை நம்பிப் போனவர்களே. மலேசியாவில் ஆள் எடுக்கும் முகவருக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. உரிமம் உள்ளதா என்று தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். சிங்கப்பூர் முகவர் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. “முதலில் சுற்றுப்பயணியாக வாருங்கள், பாஸ் பிறகு வரும்” என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கொள்கையளவிலான அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் இங்குள்ள வேலைக்கு ராஜினாமா கொடுக்க வேண்டாம். அந்தக் கடிதம் வந்ததும் மூன்றைப் பார்க்க வேண்டும்: பாஸின் பெயர் என்ன, நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு, அது பேசிய தொகையோடு ஒத்துப்போகிறதா. குடும்பத்துக்கு டி.பி. விண்ணப்பம் போட்டுத் தருவீர்களா, எப்போது என்பதை முதலாளியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சம்பள வரம்புகளைச் சிங்கப்பூர் அரசு அவ்வப்போது மாற்றுவதால், அன்றைய தொகையை அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

பதில் “டி.பி. கிடைக்காது” என்று வந்தால், அது வேலையை மறுக்க வேண்டும் என்ற கட்டளை அல்ல. ஆனால் கணவன் மட்டும் போவதா, ஜொகூருக்கு மாறுவதா, இங்கேயே வேறு வேலை தேடுவதா என்பதை மனைவியும், விவரம் தெரிந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுக்க அது நேரம் கொடுக்கிறது. எத்தனை ஆண்டு பிரிந்திருக்கப் போகிறோம் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால், அந்த ஆண்டுகளுக்கு ஓர் எல்லையையும் குடும்பமே வகுத்துக்கொள்ள முடியும்.